எங்க ஊர் வாணமும் விக்ரம் சாராபாயும்

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு – நாரணாபுரம்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி நம் மாணவர் மன்றத்தில் கேட்டதும், எங்க வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்துல் கலாம் பெயரைத்தான் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. 1962-இல் ராக்கெட் பொறியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கலாம் பம்பாய் போனார் அல்லவா? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்டவர் யார்? ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகனிடம் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்ட அந்த மனிதர் யார்?

அவர்தான் டாக்டர் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளித் துறையின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்து, ஒரு மார்க் வாங்கி, மறந்துபோன பெயர். அவரைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்க ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாரணாபுரம் சிவகாசிக்குப் பக்கத்து ஊர். கரிசல் பூமி, வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்த ஊருக்குச் சோறு போட்டது தீப்பெட்டி ஆபீசும் பயராபீசும் அச்சாபீசும்தான். எங்க வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். அப்பா பயராபீசில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்க பக்கம் மருந்து என்றால் மாத்திரை இல்லை, வெடிமருந்து. எனக்குப் பத்து வயசாக இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் கலவை அறையில் உராய்வு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கூட வேலை பார்த்த இன்னொருவர் வீடு திரும்பவில்லை. அம்மா இப்போதும் வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டுகிறார். நான் படிக்கும் படிப்புக்குப் பணம் அந்தக் குழாயிலிருந்துதான் வருகிறது.

இப்படிப்பட்ட வீட்டில், டிப்ளமா முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்து, ராக்கெட் எஞ்சின் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று போன சித்திரையில் சொன்னேன். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மருந்து பக்கமே போகக் கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைத்தோம், சுத்திச் சுத்தி அங்கேயே போய் நிற்கிறாயே என்று அழுதுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் சாராபாயிடம் போனேன்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய பஞ்சாலை முதலாளி. தாயார் சரளாதேவி. எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளை வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டு வளாகத்திலேயே பள்ளி வைத்து, ஆசிரியர்களை அங்கே வரவழைத்துப் படிக்க வைத்த குடும்பம். காந்தியடிகளும் தாகூரும் வந்து போன வீடு.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்துப் புத்தகத்தை மூடப் பார்த்தேன். ஆனால் அந்த வீட்டிலேயே ஒரு அத்தை இருந்தார். அம்பாலாலின் அக்கா அனசுயா சாராபாய். விக்ரம் பிறப்பதற்கு முந்தின வருஷம், 1918-இல், அகமதாபாத் மில் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பக்கம் முன்னால் நின்றவர் அம்பாலால். காந்தியடிகளோடு சேர்ந்து தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா. தம்பியை எதிர்த்து அக்கா கொடி பிடித்த வீடு அது! கூலி வேலை செய்கிறவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்திருக்கும். அங்கேதான் விக்ரம் வளர்ந்தார்.

அகமதாபாத்தில் குஜராத் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போனார். 1940-இல் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். அப்போது இரண்டாம் உலகப் போர். ஊர் திரும்பியவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி இடைவிடாமல் பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. நம்ம ஊர்க்காரர் ராமனின் மாணவர் என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு.

தமிழ்நாட்டோடு இன்னொரு உறவும் அவருக்கு உண்டு. 1942-இல் அவர் மணந்துகொண்டது சென்னையில் வளர்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினியை. மிருணாளினியின் அக்காதான் நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி. அப்படிப் பார்த்தால் சாராபாய் சென்னைக்கு மாப்பிள்ளை!

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947-இல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். நாடு சுதந்திரம் அடைந்த அதே வருஷம், நவம்பர் 11-ஆம் தேதி, அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயசு 28. ஆரம்பித்த இடம் ஒரு கல்லூரியில் கிடைத்த சில அறைகள். மழையையும் வானிலையையும் ஆராய்ந்த கே.ஆர். ராமநாதன் என்ற மூத்த விஞ்ஞானியை அழைத்துவந்து இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தார். தான் ஆரம்பித்த கூடத்துக்குத் தானே தலைவராக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அதே வருஷம் பஞ்சாலைத் தொழிலுக்கென்று ஒரு ஆராய்ச்சிச் சங்கத்தையும் தொடங்கினார். 1961-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு. அப்பாவின் மில்லைப் பார்த்துக்கொண்டு சொகுசாக இருந்திருக்கலாம். அவரோ தென்கோடியில் ஒரு மீனவக் கிராமத்தைத் தேடி வந்தார்.

தும்பா: சர்ச்சுக்குள் ஒரு ராக்கெட் கூடம்

1962-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் சாராபாய். ராக்கெட் விட ஒரு இடம் வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் தும்பா என்ற கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன் விட்டால் 40 கிலோமீட்டருக்கு மேல் போவதே கஷ்டம். செயற்கைக்கோளோ அதற்கும் ரொம்ப மேலே சுற்றுகிறது. நடுவில் உள்ள அந்த இடத்தை எட்டித் தொட்டுப் பார்க்க ராக்கெட் ஒன்றுதான் வழி. காரியத்துக்குத் தேவையான ராக்கெட் எது, அதை விடச் சரியான இடம் எது என்று பார்த்தாரே தவிர, அடுத்த நாட்டுக்காரன் வைத்திருக்கிறான், நாமும் வைத்திருக்க வேண்டும் என்று அவர் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. சுற்றிலும் மீனவர் வீடுகள். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்துப் பேசினார்கள். ஆயர் தன் மக்களிடம் எடுத்துச் சொன்னார். மக்கள் இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேறு இடத்தில் வீடும் புதுக் கோயிலும் ஏற்பாடாயின. பழைய சர்ச் ஆபீசாகவும் ஆய்வுக்கூடமாகவும் மாறியது, ஆயர் வீடு ஒர்க்‌ஷாப் ஆனது. இன்றைக்கு அந்த சர்ச் விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. நண்பர்களே, இந்திய ராக்கெட்டின் கதையில் சாராபாய்க்கும் கலாமுக்கும் முன்னால் எழுத வேண்டியது, பிறந்த மண்ணை விட்டுக்கொடுத்த அந்த மீனவர்களைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

1963 நவம்பர் 21. முதல் ராக்கெட். அது அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டுடையது. ராக்கெட்டைத் தூக்கி நிறுத்துகிற கிரேனில் எண்ணெய் கசிந்து மக்கர் செய்ய, நம் பொறியாளர்கள் கையாலேயே தள்ளி நிறுத்தினார்களாம். பொழுது சாயும் நேரத்தில் ராக்கெட் மேலே போனது. சோடியம் ஆவி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டது. ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் போகும் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் காலத்துத் தும்பாதான். நம்ம ஊரில் பட்டாசு பண்டல் போகிற மாதிரியே இருக்கும்!

இரவல் ராக்கெட்டில் தொடங்கியதற்காக அவர் வெட்கப்படவில்லை. ஆனால் இரவலிலேயே நின்றுவிடவும் இல்லை. இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பழகிவரச் செய்தார். பிரான்சிடமிருந்து சென்டார் என்ற ராக்கெட்டை இங்கேயே செய்ய உரிமம் வாங்கி, தும்பாவில் உந்துபொருள் ஆலை அமைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு எங்க ஊர்க் கதை ஞாபகம் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். போய்க் கற்றுக்கொள், திரும்பி வா, சொந்த மண்ணில் செய். சிவகாசி செய்ததும் தும்பா செய்ததும் ஒன்றுதான். பிறகு எங்கே வித்தியாசம் வந்தது? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

75 மில்லிமீட்டரில் ஆரம்பம்

1967 நவம்பர் 20-ஆம் தேதி ரோகிணி-75 என்ற ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது. நாமே செய்த முதல் ராக்கெட். 75 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில். அதாவது வெறும் ஏழரை சென்டிமீட்டர்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் கடைகிற உருளை அளவுதான். இதைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்? தீபாவளி ராக்கெட் என்று கேலி பேசியிருப்பார்கள். ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்றும் கேவலமான பொருள் இல்லை நண்பர்களே. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

எங்க அம்மா சுருட்டுவது மாதிரி ஒரு காகிதக் குழாய். அடியில் களிமண் அடைப்பு, நடுவில் சின்ன ஓட்டை. உள்ளே கருமருந்து: வெடியுப்பு சுமார் 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுக்கும். கரியும் கந்தகமும் எரியும். வெளிக்காற்று தேவையில்லை. சூடான வாயு ஓட்டை வழியாகக் கீழே பாய, குழாய் மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. குச்சி திசை தப்பாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பெரிய ராக்கெட்டின் திண்ம எரிபொருளைப் பாருங்கள். வெடியுப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட், ஏறக்குறைய 70 பங்கு. அதோடு அலுமினியப் பவுடர் 18 பங்கு வாக்கில். ஆமாம், எங்க ஊர்ப் பெண்கள் கையெல்லாம் வெள்ளி பூசினது போல் மின்னுமே, அதே ரகம்தான். மீதி, ரப்பர் போல இறுகுகிற ஒரு பாலிமர். அது மற்றதைக் கட்டிப் பிடிக்கும், தானும் எரியும். காகிதக் குழாய்க்குப் பதில் உயர்ரக எஃகு. களிமண் ஓட்டைக்குப் பதில், கழுத்தில் சுருங்கி அப்புறம் விரிகிற நாசில். நடுவில் குடைந்த துளையின் வடிவத்தை வைத்து எந்த வினாடியில் எவ்வளவு எரிய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். குடும்பம் ஒன்றுதான், கணக்குத்தான் வேறு!

எரிபொருளின் தரத்தைச் சொல்ல ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறது. ஒரு கிலோ எரிபொருள், ஒரு கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசையை எத்தனை வினாடி கொடுக்கும் என்பதுதான் அது. கருமருந்துக்குச் சுமார் 80 வினாடி. இன்றைய திண்ம எரிபொருளுக்கு 270-க்குப் பக்கம். திரவ எரிபொருளில் ஓடும் விகாஸ் எஞ்சினுக்கு 290 அளவில். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு 440-க்கு மேல். எங்க ஊருக்கும் நிலாவுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டு இந்த நாலு எண்தான்.

சாராபாய் இந்தப் படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தார், ஆனால் கடைசிப் படியைப் பார்த்துக்கொண்டே வைத்தார். இங்கிலாந்தில் இருந்த வசந்த் கோவாரிக்கரை 1967-இல் தும்பாவுக்கு வரவழைத்து எரிபொருள் ஆராய்ச்சியில் இறக்கினார். 1969 ஆகஸ்ட் 15-இல் இஸ்ரோ உருவானது. செயற்கைக்கோளைச் சுமக்கும் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்குத் திட்டம் போட்டு, நாலு அடுக்கையும் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தார். முதல் அடுக்கு கோவாரிக்கர், இரண்டாவது குருப், மூன்றாவது முத்துநாயகம், நாலாவது கலாம். அப்போது இவர்கள் யாரும் அதற்கு முன் செயற்கைக்கோள் ராக்கெட் செய்தவர்கள் இல்லை. செய்து பழகியவன்தான் வேண்டும் என்றால் இந்த நாட்டில் யாருமே கிடைத்திருக்க மாட்டார்கள். அனுபவம் இருக்கிறதா என்று கேட்டே நம்மைத் திருப்பி அனுப்பும் கம்பெனிகளை நினைத்துப் பார்த்தேன். சாராபாய் ஆளைப் பார்த்து வேலையைக் கொடுத்தார். அனுபவம் பின்னால் வந்தது.

யாருக்காக ராக்கெட்?

சோறில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு என்று அன்றைக்கே கேட்டார்கள். எங்க தெருவில் இன்றைக்கும் கேட்பார்கள். சாராபாய் அதற்குக் கோபப்படவில்லை. பணக்கார நாடுகளோடு நிலாவுக்கும் கிரகங்களுக்கும் ஓட்டப்பந்தயம் ஓடுவது நம் நோக்கமில்லை, சாமானியனின் கஷ்டத்தைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்பதுதான் அவர் கொள்கை. மழை, புயல் எச்சரிக்கை, தொலைத்தொடர்பு, கிராமத்துக்குக் கல்வி இவைதான் அவர் கணக்கு. கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டெலிவிஷனில் பாடம் நடத்த அவர் காலத்திலேயே, 1969-இல், அமெரிக்காவின் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்கள் விவசாயமும் சுகாதாரமும் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்த்தன. மின்சாரமே ஒழுங்காக இல்லாத ஊர்கள் அவை.

ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தபின் அணுசக்தித் துறையின் தலைமையும் சாராபாய் தலையில் விழுந்திருந்தது. இரண்டு துறை, பல நிறுவனங்கள், ஓயாத பயணம். 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. டிசம்பர் கடைசியில் தும்பா வேலைகளைப் பார்க்க வந்து கோவளத்தில் தங்கினார். தில்லியிலிருந்து புறப்படவிருந்த கலாமோடு போனில் பேசினார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. கலாம் வந்து இறங்கியபோது, விக்ரம் சாராபாய் தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டார் என்ற செய்திதான் காத்திருந்தது. 1971 டிசம்பர் 30. வயசு 52.

நாலு அடுக்கைப் பிரித்துக் கொடுத்தவர் போய்விட்டார். வாங்கியவர்கள் வேலையைக் கீழே போடவில்லை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. முத்துநாயகம் பின்னாளில் நம்ம திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் திரவ எஞ்சின் சோதனைக்கூடத்தை எழுப்பினார். நாகர்கோவில் ரோட்டில் காவல்கிணறு பக்கம் போகும்போது அந்த மலையைப் பார்க்கலாம். அங்கே சோதிக்கப்படும் எஞ்சின்தான் விகாஸ். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைக் கற்று நம்மவர்கள் செய்தது. சுமார் 80 டன் தள்ளுவிசை. இரண்டு திரவங்கள் ஒன்றை ஒன்று தொட்டதுமே பற்றிக்கொள்ளும், தீக்குச்சியே வேண்டாம். விக்ரம் அம்பாலால் சாராபாய் என்ற பெயரைச் சுருக்கித்தான் விகாஸ் என்று வைத்ததாகச் சொல்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நம் கல்லூரியில் எல்லோரும் செல்போனில் பார்த்தோமே, இறங்கிய அந்தக் கலத்தின் பெயர் விக்ரம். நிலாவுக்குப் பந்தயம் வேண்டாம் என்றவர் பெயரிலேயே நிலாவில் இறங்கினோம். அதைச் சுமந்த ராக்கெட்டின் நடு அடுக்கில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். இரு பக்கமும் தலா 200 டன்னுக்கு மேல் திண்ம எரிபொருள். ஏழரை சென்டிமீட்டர் ரோகிணி இவ்வளவு பெரிசாக வளர்ந்துவிட்டது!

இன்னொன்றையும் டிப்ளமா நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன், குமரி மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, அவரும் மெக்கானிக்கல் டிப்ளமாவில் தொடங்கியவர். கிரையோஜெனிக் எஞ்சின்தான் அவர் துறை. டிப்ளமாதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் இந்த இரண்டு பெயரைச் சொல்லுங்கள், போதும்.

அம்மா கேட்ட கேள்வி

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கதை மாதிரி சொன்னேன். அம்மா குழாய் சுருட்டிக்கொண்டே கேட்டுச்சு. எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான். அங்கே மருந்தைக் கலக்குவது யார்? ஆளா, மிஷினா?

எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டு அடுத்த வாரம் சொன்னேன். திண்ம எரிபொருளைக் கடைசியாகக் கலக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. மிஷின் கலக்கும். ஆட்கள் தூரத்தில் வேறு கட்டடத்தில் இருந்து இயக்குவார்கள். சூடு, ஈரப்பதம், உராய்வு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அதோடு உண்மையையும் மறைக்காமல் சொன்னேன்: அப்படியிருந்தும் 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டா எரிபொருள் ஆலையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். மருந்து யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. தெரிந்தவனையும் ஒரு நாள் அசந்தால் அடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு விபத்துக்கும் காரணத்தைத் தேடி, எழுதி வைத்து, முறையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைக் கேட்டதும் அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கலவைப் பாத்திரம் என்ன வடிவம் என்று கேட்டார். பிறகு சிமெண்டுத் தரையில் மடங்காத விரலாலேயே படம் போட்டு, அன்றைக்கு அறை எப்படி இருந்தது, வெயில் எந்தப் பக்கம் அடித்தது, மருந்து அள்ளியது எதை வைத்து, சத்தம் முதலில் எங்கே கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு வருஷத்தில் அந்த விபத்தைப் பற்றி அப்பா வாய் திறந்தது அன்றைக்குத்தான். எங்க அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவரிடம் அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சிவகாசியும் தும்பாவும் எங்கே பிரிந்தன என்று கேட்டேன் அல்லவா? இரண்டு இடத்திலும் கற்றுவந்து செய்தார்கள். தும்பாவில் செய்கிறவனுக்கே அது ஏன் எரிகிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள், அவனையே கேள்வி கேட்க வைத்தார்கள். எங்க ஊரில் கலக்குகிற கைக்கு அந்தப் படிப்பு போய்ச் சேரவில்லை. சாராபாய் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: மருந்தை விட்டு ஓடிப்போகப் படிக்கவில்லை நான், மருந்தைத் தெரிந்துகொள்ளப் படிக்கிறேன்.

அம்மா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. அந்த மிஷின் என்ன விலை, எங்க ஊர்ச் சின்ன பயராபீஸ்காரங்க வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சின்ன அளவில், குறைந்த விலையில், தள்ளி நின்று கலக்குகிற மிஷினை யாராவது செய்தால்தான் உண்டு. மெக்கானிக்கல் படிக்கிற நாம் செய்யாமல் வேறு யார் செய்வது? சாராபாய் ஏழரை சென்டிமீட்டரில்தானே தொடங்கினார்!

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். அங்கே முதல் ராக்கெட் கிளம்பும்போது அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று ஆசை. நீங்களும் வாருங்கள் நண்பர்களே, சேர்ந்து பார்ப்போம்.